சர்வீஸை ஒழுங்காக நிறுத்துவது எது? சிஸ்டம் ஃபைவ் இனிட், ரன்இட், சிஸ்டம்டி

லினக்ஸில் ஒரு சர்வீஸை, அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலை, தொடங்க எந்த இனிட்டும் (கணினி எழும்போது முதலில் ஓடி மற்றவற்றைத் தொடங்கிவைக்கும் நிரல்) போதும். நிறுத்தும்போதுதான் சாயம் வெளுக்கும். அதனால் மூன்றையும் நிறுத்தும் விதத்தை வைத்தே பார்க்கிறேன்.

சிஸ்டம் ஃபைவ் இனிட்டில் சர்வீஸுக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு). எஸ்20, கே80 என்று தொடங்கும் இணைப்புகள் எண் வரிசையில் ஓடும்: எஸ் தொடங்க, கே நிறுத்த. ஸ்கிரிப்டைத் திறந்தால் நடப்பது அத்தனையும் கண்முன் இருக்கும். அது எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் டீமன் (சர்வீஸாக ஓடும் நிரல்) ஃபோர்க் ஆகி, அதாவது தன் நகலாக இன்னொரு புரோசஸை உண்டாக்கி, பின்னணிக்குப் போய்விடுவதால், அதன் புரோசஸ் எண்ணை ஒரு பிஐடி கோப்பில் குறித்து வைத்து, நிறுத்தும்போது அந்த எண்ணுக்கு சிக்னல் அனுப்ப வேண்டியிருக்கிறது. டீமன் நடுவில் செத்து, அதே எண் வேறொரு புரோசஸுக்குப் போயிருந்தால்? ஸ்கிரிப்ட் எழுதியவர் சரிபார்க்காமல் விட்டிருந்தால், சம்பந்தமில்லாத புரோசஸ் சாகும்.

ரன்இட் இதை எளிதாகத் தீர்க்கிறது. சர்வீஸைப் பின்னணிக்குப் போக விடுவதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ரன்எஸ்வி என்ற காவல் நிரல் ஒன்று தாய்ப் புரோசஸாக உட்கார்ந்திருக்கும். பிள்ளை செத்தால் லினக்ஸின் மையமான கெர்னலே தாய்க்குச் சொல்லிவிடும், பிஐடி கோப்பு தேவையில்லை. குறை, பேரப்பிள்ளைகள்தான். நிறுத்தச் சொன்னால் சிக்னல் நேர்ப் பிள்ளைக்கு மட்டும் போகும். அது பெற்ற புரோசஸ்களை அதுவே கவனித்தால்தான் உண்டு.

2010-இல் வந்த சிஸ்டம்டி இங்கேதான் ஜெயிக்கிறது. ஒவ்வொரு சர்வீஸையும் ஒரு சிகுரூப்பில் (புரோசஸ்களைக் கூட்டமாகக் கட்டிவைக்கும் கெர்னல் வசதி) போடுகிறது. எத்தனை முறை ஃபோர்க் ஆனாலும் வாரிசுகள் அதே கூட்டத்தில்தான் இருக்கும். நிறுத்தும்போது எல்லாவற்றுக்கும் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்னல்), வழக்கமாக 90 விநாடி காத்திருப்பு, அப்புறமும் மிஞ்சுவதற்கு சிக்கில் (கேட்காமலே கொல்லும் சிக்னல்). இது அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்று சர்வீஸின் அமைப்புக் கோப்பில் ஆஃப்டர் போட்டு எழுதிய வரிசை, நிறுத்தும்போது தானாகத் தலைகீழாகும்: டேட்டாபேஸுக்குப் பிறகு தொடங்கிய செயலி முதலில் நிற்கும், பிறகு டேட்டாபேஸ். பழைய இனிட்டில் இந்தக் கணக்கை எண்களில் கைப்பட எழுத வேண்டும். ரன்இட்டில் அப்படியொரு வரிசையே கிடையாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரிய டேட்டாபேஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்க 90 விநாடி போதாமல் போகலாம். இந்தக் காத்திருப்பைக் குறிக்கும் டைம்அவுட்ஸ்டாப்செக் அளவைக் கூட்டாவிட்டால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லப்படும். மறுபடி தொடங்கும்போது மீட்பு வேலைக்கே நேரம் போகும்.

சிஸ்டம்டி அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்ற புகாரில் நியாயம் உண்டு. ஆனாலும் பல சர்வீஸ்கள் ஒன்றையொன்று நம்பி ஓடும் சர்வரில் நான் அதைத்தான் வைப்பேன். இரண்டே சர்வீஸ் ஓடும் கன்டெய்னர் (மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் சிறு சூழல்) என்றால், சரி, ரன்இட் தாராளமாகப் போதும்.