யானைக்காதுச் செடியோடு நான்கு ஆண்டுகள்: ஆறாவது இலை எங்கே?

போன வாரம் தோட்டத்துக்கு வந்த நண்பர் ஒருவர், "இதில் ஒரு கிழங்கு கிடைக்குமா? நம்பி வைக்கலாமா?" என்று கேட்டார். அன்றே பதில் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். நேற்றிரவு அடித்த காற்றில் இருப்பதிலேயே பெரிய இலை காம்போடு மடிந்து தரையில் கிடக்கிறது. ஆகவே பதில் கொஞ்சம் நீளும், கொஞ்சம் கோபமும் இருக்கும்.

கிழங்கிலிருந்து முளைக்கும், வெதுவெதுப்பும் ஈரமும் கேட்கும், இலை பெரிதாக வரும் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான்கு ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். இந்தச் செடி ஐந்து இலைக்கு மேல் வைத்துக்கொள்ளாது.

ஆறாவது குருத்து நடுவிலிருந்து எட்டிப் பார்த்ததுமே, அடியில் இருக்கும் மூத்த இலையின் ஓரத்தில் மஞ்சள் ஏறத் தொடங்கிவிடும். குருத்து விரிந்து முடிப்பதற்குள் மூத்தது தொங்கிவிடும். மறுபடி ஐந்து. வெயிலும் ஈரமும் நன்றாக இருக்கும் மாதங்களில் எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரு குருத்து வருகிறது. கணக்குப்படி இந்நேரம் புதராக மண்டியிருக்க வேண்டும். வரவு எவ்வளவோ செலவும் அவ்வளவே என்று கறாராகக் கணக்கு வைத்திருக்கிறது. இதைத்தான் நான் தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறேன்.

முதல் ஆண்டில் ஐந்துகூட இல்லை, மூன்றுதான். அதற்குக் காரணம் நானும் இல்லை, செடியும் இல்லை. வாங்கிய நர்சரியில் அலோகேசியா என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். 'வேர் அழுகும், மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடவும்' என்ற அறிவுரையும் அதிலேயே இருந்தது. நானும் பயபக்தியோடு காயப்போட்டேன். பார்த்துப் பார்த்துக் காயப்போட்டதில் அது பாதி உயிராகிவிட்டது. சந்தேகம் வந்து இலையைத் திருப்பிப் பார்த்தது ஆறு மாதம் கழித்துத்தான். காம்பு இலையின் பிளவில் சேரவில்லை. பிளவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, குடைக்குக் கம்பி போல, இலையின் முதுகில் சேர்ந்திருந்தது. நுனி தரையைப் பார்த்துத் தொங்கியது. இது கொலகேசியா, அதாவது சேம்பு. தோட்டங்களில் அலோகேசியா என்று பெரும்பாலும் விற்கப்படும் பெரிய வகையில் காம்பு பிளவிலேயே சேரும், நுனி வானத்தைப் பார்க்கும். அலோகேசியாவில் விதிவிலக்கான சின்ன வகைகள் நிறைய உண்டு. ஆனாலும் ஆளுயரச் செடி வாங்கும்போது இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். இரண்டின் பெயரும் யானைக்காதுதான், குணம் வேறு. ஒன்று நீர் தேங்கினால் அழுகும். மற்றது சேற்றிலேயே குடித்தனம் நடத்தும்.

உண்மை தெரிந்ததும் தொட்டியிலிருந்து எடுத்து, குழாயடித் தண்ணீர் ஓடும் மூலையில் நட்டேன். காலை வெயில் விழும், பிற்பகலில் சுவரின் நிழல் வந்துவிடும். மூன்று இலை நான்காயிற்று, இரண்டாம் ஆண்டு ஐந்தாயிற்று. 'அடுத்த ஆண்டு ஏழு' என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தொழு உரம், மட்கிய இலை, மேலே மூடாக்கு என்று எல்லாம் போட்டேன். இலைகள் பெருத்தன, எண்ணிக்கை அசையவில்லை. முதல் ஆண்டில் 34 செ.மீ. இருந்த இலை இப்போது 71 செ.மீ. அளவுநாடா வைத்து அளந்ததுதான். உரத்தை வாங்கி உடம்பில் போட்டுக்கொண்டதே தவிர, ஒரு இலையைக்கூடக் கூடுதலாகத் தரவில்லை.

ஒரே ஒருமுறை, மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில், ஆறு இலை நின்றது. ஒன்பது நாள். படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் களை எடுக்கக் குனிந்தபோது, அந்த ஆறாவது இலை தாய்ச்செடியினுடையது அல்ல, ஒட்டி முளைத்திருந்த பக்கக் கிழங்கினுடையது என்று தெரிந்தது. படம் அனுப்பியவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை.

செடியின் பக்கம் நின்று பேசினால் அதற்கும் நியாயம் இருக்கிறது. மஞ்சளாவது நோய் அல்ல. மூத்த இலையில் இருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உள்ளே இழுத்து, குருத்துக்கும் கிழங்குக்கும் கொடுக்கிறது. அவ்வளவு பெரிய இலைகளை, அவ்வளவு நீளக் காம்புகளில், மரத்தண்டு எதுவும் இல்லாமல் தண்ணீரின் விறைப்பை நம்பித் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஆறாவதைக் கேட்பது பேராசை என்று அறிவுக்குப் புரிகிறது. ஆனால் அந்த இழுப்பு முடியும் வரை, பாதி மஞ்சளும் பாதிப் பச்சையுமாகத் தொங்கும் இலையைப் பத்து நாள் வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். உள்ளே போக வேண்டிய சத்தை வெட்டி எறிவானேன்? ஆக, பார்க்க அழகான செடி வேண்டும் என்று வாங்கிவிட்டு, மாதம் முழுக்க ஏதாவது ஒரு அழுக்கு மஞ்சள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். முதல் தடவை வெறுங்கையால் வெட்டிவிட்டு, மணிக்கட்டு வரை அரிப்போடு ஒரு மணி நேரம் குழாயடியில் நின்றிருக்கிறேன். கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நுண்ணூசிகளாகத் திசுவுக்குள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தோலுக்கே அப்படியென்றால் வாய்க்குச் சொல்ல வேண்டாம். கடித்துப் பார்க்கும் வயதில் குழந்தையோ நாய்க்குட்டியோ இருந்தால், எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சாறு பட்ட சட்டையில் வந்த பழுப்புக் கறை, எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. அந்தச் சட்டை இப்போது தோட்டச் சட்டை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்க்காத ஒன்றை இந்தச் செடி கொடுத்தது. இலைக்கு அடியில் ஒரு மரப்பெஞ்சு கிடக்கிறது. இரண்டாம் ஆண்டில், மழையே இல்லாத நாட்களிலும் காலையில் அது நனைந்திருந்தது. குழாய் கசிகிறதா என்று பார்த்தேன். மாடியிலிருந்து யாரோ தண்ணீர் கொட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒருநாள் விடிவதற்கு முன் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்துகொண்டிருந்தது. பனி அல்ல. இரவில் இலைத்துளைகள் மூடிக்கிடக்கும்போதும் வேர் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. போக வழியில்லாத நீர், நுனியில் இருக்கும் துளைகள் வழியே சொட்டுகிறது. ஒரு நுனிக்குக் கீழே கிண்ணம் வைத்தேன், விடியும்போது கால் கிண்ணம் நிறைந்திருந்தது. அதன்பிறகு மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நுனி சொட்டினால் தாகம் இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சொட்டவில்லை என்றால் குழாயைத் திறக்கிறேன். சொட்டு காய்ந்த இடத்தில் பெஞ்சில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விழுவதைப் பற்றிப் புகார் சொல்ல மனம் வரவில்லை.

மேலிருந்து விழும் தண்ணீரோ இலையில் ஒட்டவே ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அதே வித்தைதான். கண்ணுக்குத் தெரியாத புடைப்புகள், அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள், நடுவே சிக்கிய காற்று. நீர் உருண்டு ஓடும்போது தூசியையும் சேர்த்துக்கொண்டு போகும். யாரோ சொன்னார்கள் என்று ஓர் இலையை மட்டும் எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்தேன். அடுத்த மழையில் அந்த இலை மட்டும் நனைந்த காகிதம் போல நின்றது. அதோடு துணியைத் தூக்கிப் போட்டேன். இந்தச் செடிக்கு மினுக்கு வேலை எதுவும் செய்யாதீர்கள்.

அப்புறம் குருத்து. முன்பு வந்த இலையின் காம்பு, அடியில் உறை போலப் பிளந்து வழிவிடும். அதிலிருந்து இறுக்கிச் சுருட்டிய பாய் போல அடுத்த இலை கிளம்பும். வாழைக்குருத்தைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான காட்சிதான், ஆனால் இது விரியும் வேகம் வேறு. காலையில் சுருளாக விட்டுப் போன இலை, மாலையில் முறம் அகலத்துக்கு வந்திருக்கும். விரிந்த முதல் நாள் அதன் பச்சை, வெளிச்சம் உள்ளிருந்து வருவது போல இருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் நான் மஞ்சள் இலையைப் பார்ப்பதில்லை.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. காற்று வறண்ட மாதங்களில் சிவப்புச் சிலந்தி வந்தது, இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சியதில் குறைந்தது. ஒருமுறை வாலில் கொம்பு வைத்த பருமனான புழு ஒன்று இரண்டு இரவில் முக்கால் இலையைத் தின்று தீர்த்தது. பூ நான்கு ஆண்டில் ஒரே தடவை வந்தது. வெளிறிய மஞ்சள் மடலும் நடுவில் ஒரு கம்பும். நான் சரியாகப் பார்ப்பதற்குள் வதங்கிவிட்டது.

பரவுவது வேறு கதை. ஈர மண் கிடைத்துவிட்டால் பக்கக் கொடி விட்டுத் தள்ளித் தள்ளி முளைக்கிறது. எல்லா ரகமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, என்னுடையது ஓடுகாலி. ஓடையோ குளமோ அருகில் இருந்தால் கட்டாயம் தொட்டியில் வையுங்கள். நீர்க்கரைகளுக்குத் தப்பிப் போய் அங்கே இருந்த செடிகளை ஓரங்கட்டிய வரலாறு இதற்கு உண்டு.

இனி நேற்றைய காற்று. சங்கப் பாட்டு ஒன்றில், வாடைக்காற்று சேம்பின் இலையை அசைப்பதைப் பெரிய களிற்றின் செவி அசைவதற்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். மிகச் சரியான உவமை. இளங்காற்றில் என் செடியும் அப்படித்தான் நிதானமாக, கனமாக விசிறும். ஆனால் காற்று வலுத்தால் யானை தன் காதை மடக்கிக்கொள்ளும், இதற்கு மடக்கத் தெரியாது. எழுபது செ.மீ. இலையை எட்டு நாள் காத்திருந்து விரியவைத்து, ஒரு ராத்திரியில் பறிகொடுத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? குச்சி நட்டுக் கட்டியும் பார்த்திருக்கிறேன். கட்டிய இடத்தில் காம்பு அறுபட்டது.

ஆக, நண்பருக்கு என் பதில்: வேண்டாம். நீங்கள் மாடியில் வைக்கப்போகிறீர்கள், அங்கே காற்று இதைவிட மோசம். பெரிய இலைதான் ஆசை என்றால் கல்வாழை வையுங்கள், அது இலையை எண்ணிக் கொடுக்காது. இல்லை, இதுதான் வேண்டும் என்றால் பக்கக் கிழங்கு நாலைந்து பிடுங்கிப் போட்டிருக்கிறேன், காய்வதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியும் கையுறையும் கொண்டு வாருங்கள்.

மடிந்த இலையை இன்னும் வெட்டவில்லை, பச்சை முழுதாக இருக்கிறது. அதைக் கழித்தால் நான்கு. நடுவில் ஒரு குருத்து விரற்கடை அளவு தெரிகிறது. அதோடு ஐந்து.