ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் பாஸ்கல்: 2021 முதல் இன்றுவரை

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு பில், இருப்பு, கூலிக் கணக்கு எல்லாம் சேர்த்து 2021இல் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மொழி பாஸ்கல். நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலர் ஃப்ரீ பாஸ்கல், நிரல் எழுதித் திரைகளை அமைக்க லாசரஸ், தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட். இன்றும் அதுதான் ஓடுகிறது.

பட்டறைக்காரருக்கு எந்த மொழி என்பது பொருட்டே இல்லை. அவர் மகன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் வெப் வேலை பார்க்கிறவர். "பாஸ்கலாண்ணே? இப்ப யாரு அதுல எழுதுறா? நாளைக்கு நீங்க இல்லேன்னா யாரு பாக்குறது?" என்றார். நியாயமான கேள்வி.

நிக்லவுஸ் விர்த் என்ற கணினி அறிஞர் 1970இல் வெளியிட்ட மொழி என்றால் பழசு என்றுதான் தோன்றும். ஆனால் டர்போ பாஸ்கல் கம்பைலரை எழுதிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க்தான் பிறகு சி ஷார்ப் மொழியையும், அந்தத் தம்பி தினமும் எழுதும் டைப்ஸ்கிரிப்ட்டையும் வடிவமைத்தவர். இதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். சம்மதிக்கவில்லை.

அப்புறம் பட்டறையின் கணினியையே காட்டினேன். சிமெண்ட் தூசி படிந்த விண்டோஸ் 7 பெட்டி. வேறு மொழி என்று பார்த்தால், பைத்தான் 3.9 அதில் ஓடாது. பாஸ்கல் நிரலோ ஒரே exe கோப்பு, பக்கத்தில் எஸ்க்யூலைட்டின் dll என்ற துணைக் கோப்பு. பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன், ஓடியது. அப்பா அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டார்.

மகன் மனம் மாறியது கூலிக் கணக்கு நிரலைப் படித்தபோதுதான். பாஸ்கல் தெரியாமலே வரிவரியாகப் படித்துக்கொண்டு போனவர், "உடைசலுக்குக் கூலி கழிக்கலையே?" என்று கேட்டார். "கண்ணாடி மேல வார்த்த கல்லை எடுக்கும்போது உடைஞ்சா அது ஆள் குத்தம் இல்லப்பா, கழிக்கக் கூடாது" என்றார் அப்பா. பட்டறையின் வழக்கம் நிரலில் அப்படியே இருந்தது. புதிதாக வருகிறவரும் இதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை. மூல நிரல் முழுவதையும், தமிழில் எழுதிய குறிப்புகளோடு, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். உங்கள் வாடிக்கையாளர் தயங்கினால் முதலில் இதைச் செய்யுங்கள்.

இத்தனை வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது கரன்சி என்ற தரவு வகை. பணத்தை நான்கு தசம இடங்கள்வரை, பத்தாயிரத்தால் பெருக்கிய முழு எண்ணாகவே சேமிக்கிறது. தசம எண்களுக்கான சாதாரண டபுள் வகையில் 0.1ஐப் பத்து முறை கூட்டினால் சரியாக 1 வராது. பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த ஊரில் ஒரு பைசா உதைத்தாலும் மென்பொருளை யாரும் நம்ப மாட்டார்கள். சதுர அடிக் கணக்கும் எளிதாக அமைந்தது: பத்து அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144, எட்டு அங்குலம் என்றால் 225. சேதாரத்துக்கு எவ்வளவு கூடுதல் என்பதைப் பட்டறைக்காரரே மாற்றிக்கொள்ளும்படி விட்டிருக்கிறேன்.

தமிழில்தான் பாடு. 'ஆத்தங்குடி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. நீளம் சொல்லும் லெங்த் கட்டளையைக் கேட்டால் 30 என்கிறது, ஏனென்றால் அது எண்ணுவது பைட்டுகளை. யூனிகோடு குறிகளை எண்ணும் யூடிஎஃப்8லெங்த் கட்டளையைக் கேட்டால் 10. புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. இரண்டையும் நம்பி பில்லில் பத்தி பிரித்தால் தொகைகள் கோணலாகத்தான் நிற்கும். எழுத்தை எண்ணாமல், திரையில் அது பிடிக்கும் அகலத்தை அளந்துதான் அச்சிடுகிறேன். தமிழ் பில் போடுகிறவர்கள் முதல் நாளே இப்படித் தொடங்கிவிடுவது நல்லது.

ஆள் கிடைப்பதும் கஷ்டம்தான். காரைக்குடியில் பாஸ்கல் தெரிந்தவர் என்று தேடினால் அகப்பட மாட்டார். நிரல் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இப்போது மகன் கைபேசியில் இருப்புப் பார்க்க வேண்டும் என்கிறார். அதைப் பாஸ்கலில் செய்யப் போவதில்லை. தரவு எஸ்க்யூலைட்டில்தானே இருக்கிறது, அதைப் படித்துக் காட்டும் சின்ன வலைப்பக்கத்தை அவரே டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதுகிறார். பில்லும் கூலியும் பாஸ்கலிலேயே இருக்கட்டும் என்று சொன்னவரும் அவர்தான்.