மொடல் பெயரா, இலக்கமா, செய்யப்போகும் வேலையா? கமராவைப் பற்றிக் கதைக்கும் மூன்று முறைகள்

மட்டக்களப்பில் கமராவைப் பற்றி மூன்று விதமாகக் கதைக்கிறார்கள். ஸ்டூடியோ வைத்திருப்பவர், "ஆர்6 மார்க் 2, கூட ஒரு 24-70" என்பார். யூடியூப் பார்த்துப் படித்துக்கொண்ட தம்பி, "ஃபுல் பிரேம், எஃப் 2.8, 4கே" என்பார். கலியாண வீட்டு அம்மா, "மனே, மண்டபத்துக்குள்ள லைட் காணாது, பிள்ளைட முகம் வடிவா விளங்கோணும்" என்பார். மூன்று பேருக்கும் வேண்டியது ஏறக்குறைய ஒரே சாமான்தான்.

இதில் எது சரியான முறை என்பதில் நம் ஆட்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. மொடல் தெரியாதவரோடு கதைத்து வேலையில்லை என்பது ஒன்று. எழுத்தும் இலக்கமும் வெறும் எடுப்பு, படம் எடுக்க அது தேவையே இல்லை என்பது மற்றது. நான் இரண்டிலும் இல்லை. கமரா வாங்கும்போதும், இரவல் கேட்கும்போதும், வேலை பழக்கும்போதும், வாடிக்கையாளரோடு பேசும்போதும் இந்த மூன்று முறைகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தனித்தனியாகப் பார்த்தால் விடை தானாகவே தெரியும்.

மொடல் பெயரில் தொடங்குவோம். அதன் பலம் துல்லியம். இதற்குப் பற்றரியை விட நல்ல உதாரணம் கிடையாது. "கெனன் பற்றரி ஒன்று இருக்கா?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. 700டிக்கு எல்பி-ஈ8. 1300டிக்கு எல்பி-ஈ10. 200டிக்கு எல்பி-ஈ17. 80டிக்கு எல்பி-ஈ6 வகை. ஒன்றுக்குரியது மற்றதில் போகாது. சோனியில் 2019ஆம் ஆண்டு வந்த ஏ6400ம் ஏ6600ம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் முன்னதற்கு எஃப்டபிள்யூ50, பின்னதற்குப் பெரிய எஃப்இசட்100. தாலி கட்டுவதற்கு அரை மணித்தியாலம் இருக்கையில் பற்றரி இரவல் கேட்கிறவர் அந்த எழுத்தையும் இலக்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த இடத்தில் மொடல் பெயர் பந்தா இல்லை, முகவரி.

ஆனால் முகவரியும் குழப்பும். அதுவும் நம் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே குழப்பும். கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய கமராவில் "ரெபெல் டி5ஐ" என்று எழுதியிருக்கும். யப்பானில் விற்ற கமரா கைமாறி இங்கே வந்தால் அதில் "கிஸ் எக்ஸ்7ஐ" என்று இருக்கும். இரண்டும் 2013இல் வந்த அதே 700டிதான். 2019இல் வந்த 200டி மார்க் 2வும் அப்படியே. ஐரோப்பாவில் அதற்குப் பெயர் 250டி, வட அமெரிக்காவில் எஸ்எல்3. அதனால் ரெபெல் வைத்திருக்கும் பிள்ளை தன் கமராவுக்கு இங்கே பற்றரி கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பியின் 700டியில் கிடப்பது அதே பற்றரி.

இலக்கத்தின் வரிசையும் புதியவருக்குத் தலைகீழாகத் தெரியும். கெனன் டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த வகைக் கமராவில், பெயரில் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கை குறையக் குறையப் பெரும்பாலும் தரம் கூடும். 4000டி ஆரம்ப நிலைக் கமரா, 80டி நடுத்தரம், 5டி தொழில்முறைக் கமரா. நிக்கோனில் டி500க்கு சென்சர், அதாவது படத்தைப் பிடிக்கும் தகடு, சிறியது, டி750 ஃபுல் பிரேம், அதாவது பெரிய சென்சர், ஆனால் டி5600 திரும்பவும் சிறிய சென்சர். சோனி ஏ7 வரிசையில் "ஆர்" என்ற எழுத்து வந்தால் மெகாபிக்சல் கூடியது, "எஸ்" வந்தால் குறைந்தது. இதையெல்லாம் அறியாத ஒருவர், "4000 என்றால் 5ஐ விடப் பெரிசுதானே" என்று கேட்டால் அவரைப் பார்த்துச் சிரிக்க எந்த நியாயமும் இல்லை. பெயர் வைத்தவர்கள் அவரை நினைத்து வைக்கவில்லை.

மொடல் பெயரில் உண்மையான ஆபத்து அதைப் பாதியில் நிறுத்துவதுதான். "24-70 வேணும்" என்றால் எது? எஃப் 2.8ஆ, எஃப் 4ஆ? கெனனில் மவுண்ட், அதாவது லென்ஸ் கமராவில் பூட்டும் வாய், பழைய ஈஎஃபா, புதிய ஆர்எஃபா? ஈஎஃப் 1987இல் வந்தது, ஆர்எஃப் 2018இல் வந்தது. ஈஎஃப் லென்ஸை ஓர் அடப்டர் போட்டு புதிய ஆர் வகைக் கமராவில் பாவிக்கலாம். ஆர்எஃப் லென்ஸை 80டியில் போடவே முடியாது. ஆர்எஃப் லென்ஸ் சென்சரிலிருந்து 20 மில்லிமீற்றர் தூரத்தில் உட்காருவதற்கென்று செய்யப்பட்டது, டிஎஸ்எல்ஆரிலோ கண்ணாடி நிற்க இடம் விட்டு மவுண்ட் 44 மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது. எந்த அடப்டராலும் இடையில் இருக்கும் தூரத்தைக் கழிக்க முடியாது. காசு கட்டி இறக்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது பெரிய நட்டம்.

நிக்கோனிலும் இதே கதை. "50 1.8" என்று கேட்டு வாங்குவார்கள். பழைய ஏஎஃப் 50 எஃப் 1.8டி லென்ஸுக்குள் மோட்டர் இல்லை. கமராவின் உடலில் இருக்கும் மோட்டர்தான் அதைத் திருப்பவேண்டும். டி3500, டி5600 போன்றவற்றில் அந்த மோட்டர் கிடையாது. லென்ஸ் பூட்டும், படமும் எடுக்கும், போக்கஸ் மட்டும் கையால்தான். பெயரில் "ஏஎஃப்" என்று இருக்கிறதா, "ஏஎஃப்-எஸ்" என்று இருக்கிறதா என்ற ஒரே எழுத்தில் எல்லாம் தங்கியிருக்கிறது.

ஃபிளாஷில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நம் பக்கத்தில் நிறையப் பேரின் பையில் இருப்பது கொடொக்ஸ். டிடி685 என்று சொன்னால் பாதிப் பெயர்தான் சொன்னது. கடைசியில் ஓர் எழுத்து வரும்: கெனனுக்கு சி, நிக்கோனுக்கு என், சோனிக்கு எஸ், ஃபுஜிக்கு எஃப். கல்லடியில் ஒரு மண்டபம், மாலை வரவேற்பு, மாப்பிள்ளை பொம்பிளை வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று வையுங்கள். நிக்கோன் வைத்திருப்பவர் நண்பரிடம் வாங்கிவந்த ஃபிளாஷை மாட்டுகிறார். அதன் கடைசி எழுத்து சி. நடு முனை தொடுவதால் ஃபிளாஷ் அடிக்கிறது, அவரும் சரி என்று நினைக்கிறார். திரையைப் பார்த்தால் ஒரு படத்தில் பொம்பிளையின் முகம் வெள்ளைத் தாளாக இருக்கிறது, அடுத்ததில் பின்னால் நிற்கும் மாமா இருட்டில் நிற்கிறார். வெளிச்சத்தை அளந்து தானாகக் கூட்டிக் குறைக்கும் டிடிஎல் அங்கே வேலை செய்யவில்லை. ஆட்கள் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க நடக்க, அவர் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிளாஷின் பலத்தைக் கையால் மாற்றவேண்டியிருக்கும். இரவல் கேட்கையில் அந்த ஓர் எழுத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நண்பரே, "மச்சான், என்ட சி, உனக்குச் சரிவராது" என்றிருப்பார்.

சரி, இலக்கங்களுக்கு வருவோம். எஃப் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்ற கணக்கு, இலக்கம் சிறிதானால் வெளிச்சம் கூட வரும். எந்தக் கம்பனியாக இருந்தாலும் எஃப் 2.8 எஃப் 2.8தான். மொடல் பெயர் கடைக்குக் கடை, நாட்டுக்கு நாடு மாறும், வெளிச்சத்தின் கணக்கு மாறாது. இதன் அருமையைக் கூத்துக் களரியில் பார்க்கவேண்டும். இரவு, நடுவில் வட்டக்களரி, சுற்றிக் கட்டிய ட்யூப் லைட். வடமோடி ஆட்டக்காரர் சலங்கையோடு சுழன்று வருகிறார். காலும் கையும் கலங்காமல் வர ஷட்டர் வேகம் 1/250 செக்கன் அளவிலாவது வேண்டும். எஃப் 2.8 லென்ஸில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறன், 3200 போதுமென்று வைத்துக்கொள்வோம். கமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுதாக நீட்டினால் அது எஃப் 5.6. உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒன்று. அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 12800 வேண்டும், அதில் உடுப்பின் மணி வேலைப்பாடெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்துபோகும். கெனனா நிக்கோனா என்ற வாதம் இதில் ஒரு பொருட்டே இல்லை. கல்லடி அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை கூத்தைப் படமெடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்டால், நான் கமராவின் பெயரைச் சொல்லமாட்டேன். எஃப் 1.8 அல்லது 2.8 லென்ஸ் ஒன்றைச் சொல்வேன்.

ஆனால் எல்லா இலக்கமும் உண்மையைச் சொல்வதற்காக அச்சடிக்கப்பட்டவை அல்ல. மெகாபிக்சல் முதலாவது. சோனி 2020இல் விட்ட ஏ7எஸ் 3 வெறும் 12 மெகாபிக்சல். 108 மெகாபிக்சல் என்று பெருமைப்படும் போன்கள் அதே காலத்தில் வந்துவிட்டன. இருட்டு மண்டபத்தில் எது வெல்லும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 12க்கு 8 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 12 மெகாபிக்சல் தாராளம்.

மெமரி கார்ட் இரண்டாவது. முகப்பில் பெரிதாக 170 என்று இருக்கும். அது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். வீடியோ எடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம், அது மூலையில் சின்னதாக வி30 என்று இருக்கும். செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் விடாமல் எழுதும் என்று அர்த்தம். 100 மெகாபிட்டில் 4கே எடுக்கும் கமராவுக்கு இது போதும். 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான். பிட்டும் பைட்டும் மாறிப்போனதால் தேவையில்லாமல் வி90 வாங்கிக் காசைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள்.

லென்ஸ் எவ்வளவு கிட்ட இழுத்துக் காட்டும் என்று சொல்லும் 50 மில்லிமீற்றர் என்ற இலக்கமும் தனியே நின்றால் பாதிதான் பேசும். கெனனின் சிறிய சென்சரில் அது 80 மாதிரி நெருங்கித் தெரியும். சாமத்திய வீட்டில் முன் விறாந்தையில் பிள்ளையை இருத்தி, சுற்றிவர மாமிமார் நிற்கும்போது, 50ஐ மாட்டிக்கொண்டு போனவர் சுவரில் முதுகு முட்டி நிற்பார், பாதி மாமி வெட்டுப்படுவார். அங்கே சொல்லவேண்டியது, "சின்ன இடம், ஆட்கள் கூட, அகலமாக எடுக்கிற லென்ஸ் வேணும்."

இந்த மூன்றாவது முறையை, அதாவது செய்யப்போகும் வேலையைச் சொல்லிக் கேட்பதை, நம் ஆட்கள் மதிப்பதே இல்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. கலியாண வீட்டு அம்மா சொன்னதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். இடம், வெளிச்சம், யாருடைய முகம், எப்படி வரவேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. அதைக் கேட்டு எஃப் 2.8 ஒன்றையும் ஃபிளாஷையும் எடுத்துக்கொண்டு போவது நம் வேலை. அவருக்குப் பதிலாக "நாங்க ஃபுல் பிரேம் அம்மா" என்றால் அவர் கேட்டதற்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு முதன்முதலாக வரும் பிள்ளை, குறிப்பாகப் பெண் பிள்ளை, இந்த எழுத்துக்களுக்குப் பயந்து கேட்க வந்ததைக் கேட்காமலே போவதையும் பார்த்திருக்கிறேன். ஐஎஸ், விஆர், ஓஎஸ்எஸ், விசி, ஓஎஸ் என்று கெனன், நிக்கோன், சோனி, டாம்ரொன், சிக்மா ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பது ஒரே விஷயத்துக்கு: கை ஆட்டத்தை அடக்குவது. அப்படியே சொல்லிவிட்டு, ஆடுகிறவரின் ஆட்டத்தை அது அடக்காது என்றும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு விளங்கும்.

அதே நேரம், சாதாரணமாகக் கதைப்பது என்றால் மொட்டையாகக் கதைப்பது அல்ல. "நல்ல கமரா ஒண்டு சொல்லுங்க" என்பதிலும் "சூம் லென்ஸ் இருக்கா" என்பதிலும் ஒரு தகவலும் இல்லை. 18-55ம் சூம்தான், குமனவில் மரத்து உச்சியில் இருக்கும் நாரையை எடுக்கிற 150-600ம் சூம்தான். "குமனவுக்குப் போறம், தூரத்துப் பறவை, காலை வெளிச்சம், கமரா டி5600" என்றால் அதில் எல்லாம் வந்துவிட்டது.

ஆகவே என் தெரிவு இது. வாடிக்கையாளரோடும் பழகவரும் பிள்ளையோடும் வேலையைச் சொல்லிக் கதைப்பேன். எந்த லென்ஸ் என்று முடிவெடுக்கும்போது எஃப் இலக்கத்தையும் மில்லிமீற்றரையும் பார்ப்பேன், சென்சர் அளவைச் சேர்த்து. காசு கைமாறும்போதும் சாமான் கைமாறும்போதும் மட்டும் மொடல் பெயர், அதுவும் கடைசி எழுத்துவரை. மெகாபிக்சலைக் கணக்கிலேயே எடுக்கமாட்டேன்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். விற்பவர் சொல்லும் பெயரை நம்பி முற்பணம் போடவேண்டாம். லென்ஸ் என்றால் முழுப்பெயர் அச்சிட்ட முன்வளையம், மவுண்டுப் பக்கம். ஃபிளாஷ் என்றால் அடியில் இருக்கும் பெயர், பித்தளை முனைகள். கமரா என்றால் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் லேபல், பற்றரியின் முகம். இவற்றைக் கிட்ட வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காத்தான்குடியிலிருந்து அனுப்பினாலும் கொழும்பிலிருந்து அனுப்பினாலும் அந்தப் படங்களில் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.