ஆபரேஷனுக்கு முன் பிள்ளையின் பயம் போக்கும் சேவை: எங்கள் அனுபவம்

மகளுக்கு டான்சில் ஆபரேஷன். நாங்கள் போன குழந்தைகள் மருத்துவமனையில் முந்தின நாளே ஒரு சிஸ்டர் மயக்க மருந்து மாஸ்க்கைக் கையில் கொடுத்து, "முதல்ல உன் பொம்மைக்குப் போட்டு விடு பாப்பா" என்றார். அவளும் கரடிக்குப் போட்டு, அப்புறம் தன் மூக்கிலும் வைத்து ஊதிப் பார்த்துச் சிரித்தாள். வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லாமல், முழித்ததும் தொண்டை வலிக்கும், மருந்து தருவோம் என்று நேராகச் சொன்னது ரொம்பப் பிடித்தது. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் க்ரீமும் தடவினார்கள்.

குறை? 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, சரி. தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்பதை நாங்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மயங்கும்வரை அம்மா கூட இருக்கலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள், இங்கே விட்டார்கள்.