இப்பொழுதே சேர்ந்தால் மேலே நிற்கலாம் என்று யாராவது கூப்பிட்டால்

விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் உள்ளவர்கள் கவனம். ஆள் சேர்த்தால் காசு என்று புதிதாக ஒரு கொம்பனி வருகிறதாம். இலங்கையில் இன்னும் தொடங்கவே இல்லையாம். இப்பொழுது சேர்கிறவர்கள் எல்லோரும் ‘பவுண்டர்’, அதாவது தொடக்க ஆட்கள், ஆகிவிடலாமாம். என் தங்கையையும் இதே கதை சொல்லித்தான் இழுத்தார்கள். அப்போது கொம்பனியின் பெயர் வேறு, கூட்டம் வைக்கிற ஆட்கள் மட்டும் அதே ஆட்கள்.

நெல் விற்ற காசு கையில் புழங்குகிற மாசி மாதம் பார்த்துத்தான் வந்தார்கள். வெயிலுக்குள்ளும் ரை கட்டிக்கொண்டு வந்த தம்பி நல்ல மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, இப்ப விட்டா பிறகு வாறவைக்குக் கீழதான் நிக்க வேணும்” என்றார். தங்கை தன் சங்கிலியை அடகு வைத்து 120,000 ரூபா கட்டினாள்.

அதற்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சிறுநீரக வருத்தம் என்றாலே வன்னியில் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்துக்காகவே செய்த சாமான் போல இருந்தது அது. மூடியைத் திருகினால் உள்ளே ஒரு சின்னச் சல்லடை, அதற்குள் கடலை அளவில் மண்ணிற உருண்டைகள். அவை கல்சியத்தை எடுத்துவிடுமாம். அதில் ஊற்றி எடுத்த தண்ணீரைப் புதுக் கேத்தலில் கொதிக்க வைத்துப் பார்த்தோம். ஒரு கிழமைக்குள் அதே வெள்ளை. ஊரில் அந்தப் போத்தலைத் தண்ணீருக்காக வாங்கிய ஒருவரைக்கூட நான் காணவில்லை. ஆள் சேர்ந்த வீடுகளில் மட்டும் அலுமாரிக்கு மேலே பெட்டியோடு இருந்தது.

சரி, காசு எப்படி ஓடியது என்று சொல்கிறேன், இதைத்தான் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் சேர்த்தால் ஒரு சோடி. சோடிக்குக் கமிஷன். ஆனால் அந்தக் கமிஷன் காசாக வராது, போனில் புள்ளியாக ஏறும். புள்ளியைக் காசாக்குவதற்கு இருந்த ஒரே வழி, அடுத்துச் சேர வருகிறவரிடம் காசைக் கையில் வாங்கிக்கொண்டு, நம் புள்ளியால் அவருடைய கட்டணத்தைக் கட்டிவிடுவது. கொம்பனி தன் பையிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. தங்கை சேர்த்த சின்னம்மாவின் காசு தங்கைக்கு, தங்கையின் காசு அந்தத் தம்பிக்கு. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய காசையும் ஒருவர் இதற்குள் போட்டார்.

ஒரு நாள் அந்தப் புள்ளி ஏறுகிற ஆப் திறக்கவில்லை. பொலிஸுக்குப் போனபோது கேட்ட முதல் கேள்வி, “யாரிட்டக் குடுத்தனீங்கள்?” கொம்பனியின் பற்றுச்சீட்டு ஒருவரிடமும் இல்லை. சின்னம்மா சொல்லக்கூடிய பெயர் என் தங்கையின் பெயர் மட்டுமே. முதலில் சேர்ந்தவருக்கு லாபம் என்கிறார்களே, முதலில் சேர்ந்தவரிடம்தான் ஊரே வந்து காசு கேட்கும். அந்த ரை கட்டிய தம்பி அதற்குள் நம்பரை மாற்றிவிட்டார்.

ஆரம்பத்தில் சேர்ந்தாலாவது தப்பலாமா என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு பேர் என்று போனால் 16ஆவது சுற்று முடியும்போது மொத்தம் 131,070 பேர் வேண்டும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி மாவட்டத்தின் முழுச் சனமே ஏறக்குறைய 113,000 பேர்தான். தொட்டில் பிள்ளையைச் சேர்த்தாலும் காணாது. எந்தச் சுற்றில் நின்றாலும் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் கடைசி வரிசையில் இருப்பார்கள், அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அந்தக் கடைசி வரிசையில் நிற்கப்போவது நீங்கள் கூட்டிக்கொண்டு போகிற உங்கள் ஆட்கள்.

பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிக் காட்டுவார்கள். 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின்கீழ் யாரும் ஒரு கம்பனியைப் பதியலாம். ஆள் சேர்த்துக் காசு பிரிப்பதற்கு அது அனுமதி இல்லை. அப்புறம், “மத்திய வங்கியின் தடைப் பட்டியலில் எங்கட பெயர் இல்லை” என்பார்கள். விசாரித்த பிறகுதான் அந்தப் பட்டியலில் பெயர் ஏறும். நேற்று முளைத்த கொம்பனியின் பெயர் அதில் எப்படி இருக்கும்? 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இப்படி ஆளுக்குக் கீழே ஆள் சேர்க்கிற பிரமிட் திட்டத்தைத் தொடங்குவதை மட்டுமல்ல, விளம்பரப்படுத்துவதையும் ஊக்குவிப்பதையும் குற்றம் என்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற தம்பி, தங்கைமார் இதை ஒருதரம் வாசிக்க வேண்டும்.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள் போனில் உள்ள செய்திகளை அழிக்காதீர்கள். வங்கியில் போட்ட சிட்டை, யாருக்கு எப்போது கொடுத்தது என்ற விபரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது, கொழும்புக்கு அலையத் தேவையில்லை. வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. அவர்களிடம் போன அதே ஆட்கள்தான் இப்பொழுது அடுத்த ஊரில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள்.