லாஸ் வேகாஸில் கிராண்ட் கேன்யன் டூர் வாங்குபவர்கள் கவனத்துக்கு: எங்கள் 876 டாலர் போயே போச்சு

நேற்று இரவுதான் அறைக்குத் திரும்பினோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் திட்டத்தில் லாஸ் வேகாஸ் இருந்தால் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எப்படி விசாரித்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

அதுவரை பயணம் அருமையாகப் போயிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி யோசெமிட்டி தேசியப் பூங்காவைப் பார்த்தோம். வாசலில் ரேஞ்சர் வரைபடம் கொடுத்து, எங்கே கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார். பள்ளத்தாக்குக்குள் இலவசப் பேருந்து. எல் கேப்பிட்டன் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அம்மா வெகுநேரம் நின்றார். ஒரு இடத்தில்கூட யாரும் எங்களிடம் தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அப்பா வந்ததே கிராண்ட் கேன்யனுக்காகத்தான். அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்று அரிப்பு பாடம் வந்தால் கொலராடோ ஆறும் இந்தப் பள்ளத்தாக்கும்தான் அவருக்கு உதாரணம். அவர் பார்க்க ஆசைப்பட்டது சவுத் ரிம், அதாவது தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு. அங்கே 'டிரெயில் ஆஃப் டைம்' என்று ஒரு நடைபாதை உண்டு. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு கடந்ததாகக் கணக்கு. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்குப் பாறையையும் வழி நெடுக வைத்திருக்கிறார்கள். மேல் விளிம்பில் இருப்பது 27 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புக்கல், அடியில் 170 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய பாறை. அந்தக் கற்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

நாங்கள் தங்கிய ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு டூர் கவுன்ட்டர். பெயர் போடவில்லை; அந்த மாதிரி கவுன்ட்டர் அந்தத் தெரு முழுக்க இருக்கிறது. அங்கிருந்தவர், தான் சில காலம் சென்னையில் வேலை பார்த்ததாகச் சொல்லி "வணக்கம் சார்" என்று எழுந்து நின்றார். அப்பாவுக்கு நாற்காலி போட்டார். சவுத் ரிம்தானே என்று நான் கேட்டேன், தம்பி கேட்டான், அப்பாவே ஆங்கிலத்தில் கேட்டார். கவுன்ட்டர்காரர் ஒரு வரைபடத்தை விரித்து, சவுத் ரிம்மில் இருக்கும் மேதர் பாயின்ட் மேல் பேனாவால் வட்டம் போட்டு, "இங்கதான் சார் இறக்கிவிடுவாங்க, அம்மாவுக்கு முட்டிவலின்னா முன்னாடி சீட் போடறேன்" என்றார். அந்த வட்டத்தைப் பார்த்த அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆளுக்கு 219 டாலர், நாலு பேருக்கு 876 டாலர். கார்டைத் தேய்த்தேன்.

காலையில் பேருந்து 93ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, ஹூவர் அணைக்குப் பக்கத்துப் பாலத்தைத் தாண்டி அரிசோனாவுக்குள் போனது. அதுவரை சவுத் ரிம்முக்கும் அதே வழிதான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கிங்மன் ஊர் வருவதற்கு முன்பே பேருந்து இடது பக்கம் திரும்பியது. அப்பாதான் முதலில் கவனித்தார். "கிங்மன் போய்த்தானே கிழக்கே திரும்பணும்?" என்றார். வெளியே ஜோஷுவா மரங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஓட்டுநரைக் கேட்டேன். "இது வெஸ்ட் ரிம் பஸ். தினமும் அங்கேதான் போகிறது" என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

வெஸ்ட் ரிம், அதாவது பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பு, தேசியப் பூங்காவுக்குள் வராது. அது வாலாப்பாய் பழங்குடி மக்களின் நிலம். 2007இல் திறந்த கண்ணாடிப் பாலம் இருப்பது அங்கேதான். அதற்குத் தனிக் கட்டணம். இடம் அழகு, அந்த மக்கள் மரியாதையாக நடத்தினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் பணம் கட்டியது அதற்கு இல்லை. அப்பா பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, "சரி விடுப்பா, இதுவும் அதே ஆறுதானே" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பியதும் நேராகக் கவுன்ட்டருக்குப் போனேன். அந்த ஆள் இல்லை. இருந்த பெண், "நாங்கள் டிக்கெட் விற்பவர்கள் மட்டும்தான், பஸ் கம்பெனியைக் கேளுங்கள்" என்றார். பஸ் கம்பெனிக்குப் போன் செய்தால், "பணம் எங்களிடம் கட்டவில்லையே, விற்றவரைக் கேளுங்கள்." மறுபடி கவுன்ட்டர். இப்போது ரசீதை வாங்கிப் பார்த்து, கீழே குட்டியாக இருந்த குறியீட்டில் 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்தைக் காட்டினார். அது வெஸ்ட் ரிம்மாம். பேனா வட்டம் போட்ட வரைபடத்தை நீட்டினேன். "அது விளம்பரத்துக்குக் கொடுக்கும் மேப், அதை ஆதாரமாக எடுக்க முடியாது" என்றார். மேனேஜர் கூப்பிடுவார் என்று நம்பர் எழுதி வாங்கிக்கொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. மின்னஞ்சலுக்கு வந்த பதில் ஒரே வரி: பயணம் செய்துவிட்டதால் பணம் திரும்பத் தர இயலாது.

876 டாலர். அப்பாவின் ரெண்டு மாதப் பென்ஷனுக்கு மேலே. அந்தக் காசில் வாடகைக் கார் எடுத்து, பூங்கா நுழைவுக் கட்டணம் கட்டி, வழியில் வில்லியம்ஸ் ஊரில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டே வந்திருக்கலாம். வியாழக்கிழமை அவர்களுக்கு ஊருக்கு விமானம். இனிமேல் சவுத் ரிம்முக்கு நேரமே இல்லை.

விரிவாக எழுத இப்போது மனசு வரவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். லாஸ் வேகாஸிலிருந்து சவுத் ரிம் சுமார் 450 கிலோமீட்டர், போகவே நாலரை மணி நேரம். சாயங்காலம் 5 மணிக்குத் திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் அது சவுத் ரிம் இல்லை. ரசீதில் 'சவுத் ரிம், கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா' என்று முழுசாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தேசியப் பூங்காக்களின் வருடாந்திரப் பாஸ் வெஸ்ட் ரிம்மில் செல்லாது, அதையும் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன், வரைபடத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். இப்படி ஏமாந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.