மாடியில் ஒட்டினோம், கீழே உடைத்தோம்

"சார், டைல்ஸ் கடைக்கு அப்புறம் போலாம். மொதல்ல உங்க கதவைப் பாருங்க."

மேஸ்திரி வீட்டுக்குள் வந்ததும் சொன்னது இதுதான். நானோ கையில் நாலு மாடல் டைல்ஸ் படத்தை வைத்துக்கொண்டு நின்றேன். தாம்பரம் பக்கம் 1986-இல் அப்பா கட்டிய வீடு. கீழே அம்மா, மாடியில் நாங்கள். இரண்டு தளத்திலும் பத்து இன்ச் மொசைக் தரை. ஒரு வருட இடைவெளியில் இரண்டையும் மாற்றினோம். மாடியில் மொசைக்கின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினோம், கீழே எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிட்டுப் போட்டோம். ஆகவே, இரண்டில் எது எப்படி என்பதை ஒரே வீட்டை வைத்தே சொல்ல முடிகிறது. எந்த டைல்ஸ் அழகு என்பதல்ல விஷயம். வேலைக்கு ஆள் வருமுன் வீட்டை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்பதில்தான் இரண்டு முறையும் வேறு வேறு திசையில் போகின்றன.

முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினால், கெட்டியாக இருப்பது 'டங்' என்னும், அடியில் கலவை விட்டுப்போனது 'டொப்' என்னும். மாடியில் 'டொப்' சொன்ன கற்கள் மொத்தம் பதினொன்று. அவற்றை மட்டும் பெயர்த்துக் கலவை போட்டு நிரப்பினார்கள். கீழ்த்தளத்தில் பாதிக்கு மேல் டொப்தான். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் தரை வியர்க்கும். பூஜை அறை வாசக்காலில் கரையான் ஏறிய மண்கோடு வேறு. ஆடுகிற தரைமேல் ஒட்டினால் புது டைல்ஸும் சேர்ந்து ஆடும். ஈரமும் கரையானும் மூடி போட்டதால் போய்விடாது. கீழே உடைப்பது என்று முடிவானது அங்கேதான்.

மாடிக்கு வருவோம். மேலே ஒட்டுவது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி நிஜம். தூசு குறைவு, ரப்பீஸ் (உடைத்த கல், கலவைக் குப்பை) குறைவு, நாளும் குறைவு. ஆனால் உயரம் என்று ஒன்று இருக்கிறது. ஒட்டுகிற கம் நாலு மில்லிமீட்டர், டைல்ஸ் ஒன்பது மில்லிமீட்டர் என்று வைத்தால் தரை அரை இன்ச் மேலே வந்துவிடும். அந்த அரை இன்ச் வீடு முழுக்கக் கேள்வி கேட்கும். எங்கள் தேக்குக் கதவுகளுக்கு அடியில் ஒரு விரல் கூட நுழையாது. ஐந்து கதவையும் ஆசாரி கழற்றி, அடியை இழைத்து, மொட்டை மாடியில் சாய்த்து வைத்தார். வேலை ஆரம்பிக்க இரண்டு நாள் முன்பே இதை முடித்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஆசாரியைக் கூப்பிட்டால் கதவைத் திறக்கவே முடியாமல் அறைக்குள் மாட்டிக்கொள்ளும் கூத்தும் நடக்கும்.

கதவை யோசித்த நான் மற்றதைக் கோட்டை விட்டேன். பால்கனியின் இரும்பு கிரில் கேட் உள்பக்கம் திறப்பது. கடைசி நாள் மாலை அது புது டைல்ஸில் முட்டி நின்றது. வெல்டரைத் தேடிப் பிடித்து, தரைமேல் ஈரச் சாக்கைப் போட்டு, தீப்பொறி விழாமல் அறுத்தோம். இரட்டைக் கதவின் கீழ்த் தாழ்ப்பாள் விழும் குழியும் டைல்ஸுக்கு அடியில் மறைந்துவிட்டது. மறுபடி துளை போட்டோம். மாடிப்படியின் கடைசிப் படி அரை இன்ச் உயரமாகிவிட்டதால் ஒரு மாதம் வரை வீட்டில் எல்லோரும் அங்கே ஒருமுறை இடறினோம். கால் கணக்கு வைத்திருக்கும் போலிருக்கிறது. பால்கனி மட்டத்தைத் தொடவேண்டாம் என்று மேஸ்திரி பிடிவாதமாகச் சொன்னது நல்லதாயிற்று. ஹாலைவிட பால்கனி தாழ்ந்தே இருந்தால்தான் மழைத் தண்ணீர் உள்ளே வராது.

இன்னொன்று, பழைய தரையின் வழவழப்பு. வருடக் கணக்கில் மெழுகும் பினாயிலும் பார்த்த மொசைக். அதன்மேல் எதுவும் பிடிக்காது. வேலைக்கு முந்தைய நாள் எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்துக் கழுவி, மேற்பரப்பைக் கொத்திவிட்டார்கள். கம் பையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணும் பக்கத்தில் டைப் எண்ணும் இருக்கும். பழைய தரைமேல் ஒட்ட டைப் 1 போதாது. கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றால் வேறு கடைக்குப் போகலாம்.

மாடியில் நாங்கள் காலி செய்யவில்லை. ஒரு படுக்கையறையின் சாமானை இன்னொன்றில் திணித்து, முடிந்ததும் மாற்றி, ஹாலைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். ஏழு நாள். ஒட்டிய அறையில் 24 மணி நேரம் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதால் எந்த இரவில் யார் எங்கே படுப்பது என்று முதலிலேயே எழுதி ஒட்டினேன். சிரித்தார்கள், ஆனால் அதன்படிதான் நடந்தது. பீரோவை மட்டும் நாலு நாள் கழித்தே நகர்த்தினோம், அதுவும் அடியில் பழைய கம்பளியைக் கொடுத்து.

கீழ்த்தளம் வேறு கதை. உடைக்கிற வீட்டில் ஆள் குடியிருக்க முடியாது. அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். 'நாலு நாள்ல முடிஞ்சிடுமா?' என்றார் அம்மா. பதினாறு நாள் ஆனது. உடைக்க மூன்று நாள், அள்ள இரண்டு நாள், கரையான் மருந்துக்கு ஒரு நாள், அப்புறம் ஒன்றரை இன்ச்சுக்கு மேல் மணல் கலவை போட்டு டைல்ஸ் பதித்து, அது இறுகும் வரை காத்திருப்பு.

ரப்பீஸ் எவ்வளவு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 450 சதுர அடி, கல்லும் அடிக்கலவையும் சேர்ந்து ஏழு சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஆறு டன். சிமென்ட் சாக்கில் 30 கிலோ வீதம் கட்டினால் 200 மூட்டை. எங்கள் வாசலில் அது பெரியவர் மார்பு உயரத்துக்கு நின்றது. சாக்கையும் வண்டியையும் உடைக்கும் முன்பே சொல்லி வைக்கவில்லையென்றால் தெருவே சண்டைக்கு வரும். காலி மனையில் கொட்டிவிடலாம் என்று வண்டிக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாட்டைப் பொடித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிற வண்டியாகப் பேசிக்கொள்வது நல்லது.

தூசு விஷயத்தில் மேலும் கீழும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மாடியில் வெட்டுவதை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டதால் பழைய வேட்டி நாலு போதுமானதாக இருந்தது. கீழே பிரேக்கர் (தரையை உடைக்கும் மெஷின்) ஓடிய மூன்று நாளும் மாவு மில்தான். எடுக்க முடியாத அலமாரிகளின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினோம். ஏசியை போர்டிலேயே அணைத்து, பாலிதீன் சுற்றினோம். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தோம். இவ்வளவு செய்தும் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று சாக்பீஸில் கோடு போட மறந்தேன். இரண்டாம் நாள் சமையலறைக் குழாயில் பிரேக்கர் இறங்கி, தண்ணீர் பீச்சியடித்தது. தப்பு மேஸ்திரியுடையது இல்லை, என்னுடையது. ஒரு நன்மை, பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் முழுவதையும் அப்போதே மாற்றிவிட்டோம். உடைப்பதில் இருக்கிற பெரிய லாபமே இதுதான். தரைக்கு அடியில் கைவைக்க இன்னொரு தடவை சந்தர்ப்பம் வராது.

பெயின்ட் அடிப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. சுவரடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டையான பழைய ஸ்கர்ட்டிங்கைப் பெயர்க்கும்போது சுவர்ப் பூச்சு கையளவுக்குச் சேர்ந்து விழும். அதனால் கீழே தரை முடிந்த பிறகே பெயின்ட். மாடியில் பழைய ஸ்கர்ட்டிங்கின் மேலேயே புதியதை ஒட்டியதால் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

சரி, மொசைக்கையே பாலிஷ் போட்டிருக்கலாமே? நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். உயரம் ஏறாது, கதவு இழைக்க வேண்டாம். ஆனால் கல்லால் அரைக்கும்போது வரும் சேறு முழங்கால் உயரத்துக்குச் சுவரில் தெறிக்கும், வீட்டைக் காலி செய்வதிலும் தப்பிக்க முடியாது. என்றாலும், தட்டினால் எல்லாக் கல்லும் 'டங்' சொல்கிற வீடாக இருந்தால் இன்றும் என் ஓட்டு பாலிஷுக்குத்தான். மனைவியின் ஓட்டு டைல்ஸுக்கு விழுந்தது. ஓட்டெண்ணிக்கை எப்படி முடிந்தது என்பது தெரிந்ததுதான். கல்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, கிளிக் செய்து போடும் எஸ்பிசி பலகையையும் விசாரித்தேன். இரண்டு மீட்டர் நீளத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக் கூடாது என்றார்கள். எங்கள் மாடியில் ரசமட்டம் வைத்துப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டோம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு என் யோசனை, அடியில் ஈரமோ ஒழுக்கோ இல்லாத வரை மேலேயே ஒட்டுங்கள். கீழ்வீட்டுக்காரரின் தலைமேல் மூன்று நாள் பிரேக்கர் ஓட்டிவிட்டு லிஃப்டில் அவரைப் பார்ப்பது கஷ்டம். தனி வீட்டின் தரைத்தளத்தில், ஈரமோ கரையானோ கொஞ்சம் தெரிந்தாலும், உடைத்துவிடுங்கள்.

எந்த முறையானாலும் டைல்ஸ் இறங்கும் இடத்தை முன்பே ஒழித்து வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் பெட்டிக்கு நாலு, 16 சதுர அடி. 450 சதுர அடிக்குப் பத்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் 31 பெட்டி, ஒரு டன்னை நெருங்கும். அறை நடுவில் குவிக்காமல் சுவரோரம் நிற்க வைக்கச் சொல்லுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேடு நம்பர் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) ஒன்றுதானா என்று வண்டி நிற்கும்போதே பாருங்கள். எங்களுக்கு மூன்று பெட்டி வேறு நம்பரில் வந்தது, வண்டியிலேயே திருப்பி அனுப்பினோம். மிஞ்சிய இரண்டு பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, நம்பர் வெளியே தெரியும்படி. அதன்மேல் அம்மா இப்போது துளசிச் செடிக்கான பூவாளியை வைக்கிறார்.